குடியரசுத் தலைவர் வெறும் 'ரப்பர் ஸ்டாம்ப்' தானா? மசோதாவில் கையெழுத்து போட கெடு உண்டா?

2017 ஜனவரி 23: ஜல்லிக்கட்டு சட்டத் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. அந்த மாதம் முடிவதற்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்துவிட்டது.

நீட் விலக்கு மசோதாவின் கதை வேறு. 2021 செப்டம்பரில் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் பேரவை மீண்டும் நிறைவேற்றியது. அதன்பின் டெல்லிக்குப் போன மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் பேரவையில் அறிவித்தது 2025 ஏப்ரல் 4 அன்று. அதற்குள் மூன்று பேட்ச் மாணவர்கள் நீட் எழுதி முடித்துவிட்டார்கள்.

ஒன்றுக்கு ஒரு வாரம், இன்னொன்றுக்கு மூன்று ஆண்டு. ஏன் இந்த வித்தியாசம்?

யார் குடியரசுத் தலைவர் ஆகலாம்?

இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 35 வயது நிறைந்திருக்க வேண்டும். மக்களவை உறுப்பினர் ஆவதற்கான தகுதி வேண்டும். ஆதாயம் தரும் அரசுப் பதவியில் இருக்கக் கூடாது. படிப்புத் தகுதி எதுவும் கிடையாது. ஆனால் வேட்புமனுவில் 50 பேர் முன்மொழிய வேண்டும், 50 பேர் வழிமொழிய வேண்டும். அவர்கள் எல்லோரும் வாக்குரிமை உள்ள எம்.பி., எம்.எல்.ஏ.க்கள்.

ஓட்டு போடுவது யார்?

மக்கள் நேரடியாக ஓட்டு போடுவதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் வாக்காளர்கள். நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு இல்லை. திரௌபதி முர்மு வென்ற 2022 தேர்தலில், தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176, எம்.பி. ஒருவரின் மதிப்பு 700.

அப்படின்னா அதிகாரம் யார் கையில்?

முப்படைகளின் தலைமை, பிரதமர் நியமனம், மரண தண்டனையைக் குறைப்பது என எல்லாமே குடியரசுத் தலைவர் பெயரில்தான் நடக்கும். ஆனால் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்பட வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 74வது பிரிவு. ஆலோசனை பிடிக்கவில்லை என்றால் ஒருமுறை மறுபரிசீலனைக்கு அனுப்பலாம். அதே ஆலோசனை திரும்பி வந்தால் ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

நாடாளுமன்ற மசோதாவுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆதாயப் பதவி தொடர்பான மசோதாவை 2006-ல் அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மாற்றமே இல்லாமல் மறுபடி நிறைவேற்ற, கடைசியில் கையெழுத்திட்டார்.

கையெழுத்தே போடாமல் இருந்தால்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. எத்தனை நாளுக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்று சாசனத்தில் கெடு இல்லை. தபால்களை அரசு பிரித்துப் பார்க்க வழிசெய்த 1986 மசோதாவில், அன்றைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அந்த மசோதா சட்டமாகவே இல்லை. இதைத்தான் 'பாக்கெட் வீட்டோ' என்கிறார்கள்.

மாநில மசோதா என்றால்?

பிடி இன்னும் இறுகும். ஆளுநர் அனுப்பும் மாநில மசோதாவை, பேரவை இரண்டாவது முறை நிறைவேற்றி அனுப்பினாலும், குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும் என்று 201வது பிரிவு சொல்லவில்லை. இதிலும் அவர் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடப்பார். அதாவது, கையெழுத்து அவருடையது, முடிவு மத்திய அரசுடையது. ஜல்லிக்கட்டில் மத்திய அரசு ஒத்துப்போனது, வேலை சட்டென்று முடிந்தது. நீட் விலக்கில் ஒத்துப்போகவில்லை.

நீதிமன்றம் என்ன சொன்னது?

தமிழ்நாடு அரசு தொடர்ந்த வழக்கில், 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு குடியரசுத் தலைவருக்கு மூன்று மாத கெடு விதித்தது. இதையடுத்து முர்மு 14 கேள்விகளை எழுப்பி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது: நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது. அதேசமயம், ஆளுநர் காரணமே சொல்லாமல் மசோதாவை நீண்டகாலம் கிடப்பில் போட்டால், முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

ஆக, கெடு இல்லாத நிலை தொடர்கிறது. இனி 'மசோதா குடியரசுத் தலைவரின் பரிசீலனையில் இருக்கிறது' என்ற செய்தியைப் பார்த்தால், மத்திய அரசின் நிலைப்பாடு என்ன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் பதில் அங்கேதான் இருக்கும்.