நஷ்டப்பட்டவருக்கு யார் துணை?

தீ ஒரு நாழிகையில் எரித்துவிடுகிறது. எரிந்தது எவ்வளவு என்று தீர்மானிக்கவோ மாதங்கள் செல்கின்றன. தறிக் கூடத்தையோ பஞ்சுக் கிடங்கையோ இழந்தவர் பாலிஸியைக் கையில் ஏந்தி நிற்கிறார். நஷ்டத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒருவரை அனுப்புகிறது. அவர் பாலிஸியின் நிபந்தனைகள் அனைத்தையும் அறிந்தவர். நஷ்டப்பட்டவரோ அன்றுதான் அக்காகிதத்தை முதன்முறையாகப் படிக்கிறார். 4 லட்சம் ரூபாய் பெறும் சரக்கை 2 லட்சத்துக்கே இன்ஷூர் செய்தவர், அதில் 2 லட்சம் பெறுமான சரக்கு எரிந்தால், சராசரி நிபந்தனையுள்ள பாலிஸியில் 1 லட்சமே பெறுவார் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிகிறது. இவ்விருவரும் சமபலம் உடையவர் என்று எவரே கூறுவர்?

இக்குறையைப் போக்க அமெரிக்காவில் ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. பொருளை இழந்தவரின் சார்பில் நஷ்டத்தைக் கணக்கிட்டுக் கம்பெனியுடன் பேசித் தீர்ப்பவரை அங்கு ‘பப்ளிக் அட்ஜஸ்டர்’ என்பர். பெயரில் ‘பப்ளிக்’ என்றிருப்பினும் அவர் அரசாங்க ஊழியர் அல்லர். கிடைக்கும் தொகையில் ஒரு பங்கே பெரும்பாலும் அவருக்குக் கூலி. தொழில் நல்லதே. ஆயினும் புகை அடங்குமுன் வாசலில் வந்து கையொப்பம் கேட்போரும் இதில் புகுவது இயல்பு. பயிரைக் காக்க வேலி வேண்டும். வேலி பயிரை மேயாதிருக்கச் சட்டம் வேண்டும்.

அச்சட்டங்கள் நாம் ஊன்றி நோக்கத்தக்கவை. கூலிக்கு நியூயார்க் மாநிலம் நூற்றுக்குப் பன்னிரண்டரை என்றும், டெக்ஸாஸ் நூற்றுக்குப் பத்து என்றும் வரம்பு கட்டியுள்ளன. புளோரிடாவில் பொதுவாக நூற்றுக்கு இருபது வரை கேட்கலாம். புயல் போன்ற பேரிடருக்காக அவசர நிலை அறிவிக்கப்பட்டால், முதல் ஓராண்டுக்குப் பத்துக்கு மேல் கூடாது. ஊரே தவிக்கும் காலத்தில் கூலி உயர்வதற்கு மாறாகத் தாழ வேண்டும் என்னும் இக்கருத்து பாராட்டத்தக்கது. மேலும் அங்கு திங்கள் முதல் சனி வரை, காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையிலன்றி, அட்ஜஸ்டர் தாமே வலிந்து எவரையும் அணுகலாகாது. கையொப்பமிட்டவர் 10 நாட்களுக்குள் அபராதமின்றி ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். டெக்ஸாஸிலோ, கட்டடத்தைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரர் அதே கட்டடத்துக்கு அட்ஜஸ்டராக இருக்கலாகாது. நஷ்டத்தைத் தெரிவித்த 72 மணி நேரத்துக்குள் பாலிஸியின் முழுத் தொகையையும் தருவதாகக் கம்பெனி ஒப்பினால், அட்ஜஸ்டருக்கு உழைத்த நேரத்துக்கே கூலி, பங்கு கிடையாது.

கூலியைக் குறைத்தால் சிறு நஷ்டக்காரரின் காரியத்தை எவர் ஏற்பார் என்று சிலர் வினவுவர். வினா நியாயமானதே. பெரிய ஆலையின் நஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கு பெருந்தொகை. ஒற்றைத் தறிக்காரரின் நஷ்டத்தில் அது போக்குவரவுச் செலவுக்கும் காணாது. ஆனால் இதற்கு வரம்பைத் தளர்த்துவது மருந்தாகாது. பங்குக் கூலியை நம்பிய தொழில் சிறியவரின் வாசலுக்கு எளிதில் வாராது என்பதையே இது காட்டுகிறது.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1938ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின்படி, குறித்த தொகைக்கு மேற்பட்ட நஷ்டத்தை லைசென்ஸ் பெற்ற சர்வேயர் மதிப்பிட வேண்டும். அவர் நடுநிலையோடு நடக்க விதிகள் கட்டளையிடுகின்றன. ஆயினும் அவரை நியமிப்பதும் கூலி தருவதும் கம்பெனியே. நஷ்டப்பட்டவரின் பக்கம் நிற்க, அமெரிக்காவிற் போல லைசென்ஸ் பெற்ற ஒரு தனித்தொழில் நம் சட்டத்தில் இல்லை. அதனை ஏற்படுத்தும் நாள் வருமாயின், மேற்கூறிய கட்டுப்பாடுகளும் முதல் நாளிலேயே உடன்வர வேண்டும் என்பது நமது கருத்து.

அதுவரை அங்கத்தினர் தனித்து நிற்க வேண்டுவதில்லை. அவ்விடத்தில் நிற்கத் தக்கது கூட்டுறவுச் சங்கமே. தறி, பாவு, நூற்கட்டு, தானிய மூட்டை ஆகியவற்றின் இருப்பை மாதந்தோறும் எழுதி, படமெடுத்து, ஒரு பிரதியைத் தொழிற்கூடத்துக்கு வெளியே சங்கம் பாதுகாக்கட்டும். விலைவாசிக்கு ஏற்ப இன்ஷூர் தொகையை ஆண்டுதோறும் சரிபார்க்கட்டும். சர்வேயர் வரும் நாளில் பாலிஸியைப் படித்தறிந்த காரியதரிசி ஒருவர் அங்கத்தினருடன் இருந்து, மதிப்பீட்டின் பிரதியைக் கேட்டுப் பெறட்டும். இதற்குப் பங்கும் வேண்டா, தரகும் வேண்டா.

எரிந்தபின் சாட்சி தேடுவது அரிது; எரியுமுன் கணக்கு எழுதுவது எளிது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே சங்கங்கள் இதற்கு ஆவன செய்யுமென நம்புகிறோம்.