ஓரமாப் போம்மா

"ஓரமாப் போம்மா."

பதினாறு ஆண்டுகளாக நான் கேட்டுவரும் வாக்கியம் இது. பேருந்துப் படியில் தொங்கியபடி நடத்துநர் சொல்லியிருக்கிறார். கார்க் கண்ணாடியை இறக்கி, வேலை மெனக்கெட்டு, வேகத்தைக் குறைத்து ஒருவர் சொல்லியிருக்கிறார். என்னைவிட இருபது வயது இளைய பையன் பைக்கில் ஒட்டிவந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவன் 'அம்மா' போடவில்லை, வேறொரு சொல்லைப் போட்டான். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. வண்டி ஓட்டும் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த சொல்தான்.

திருச்சியிலிருந்து விராலிமலை போகும் நாற்கரச் சாலையில் கல்லூரிக்குப் போக எனக்கு 22 கிலோமீட்டர், திரும்பிவர 22. என் ஸ்கூட்டர் 110 சிசி. பஞ்சப்பூரைத் தாண்டியதும் ஐம்பதில் போவேன், எதிர்க்காற்று இல்லையென்றால் ஐம்பத்தைந்து. இடது தடத்தில்தான் போகிறேன். இடப்பக்கம் ஓட்டும் நாடு இது. இடது தடம் மெதுவாகப் போகிறவர்களுக்கு, வலது தடம் முந்துகிறவர்களுக்கு. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பிக்கு இது தலைகீழ். அங்கே முந்துவதற்கு இடது தடம். அதில் யாராவது ஆற அமரப் போனால் பின்னால் வருகிறவர்கள் படும் கோபத்தை அவன் கதை கதையாகச் சொல்வான். ஊருக்கு வந்தால், வலது தடத்தில் ஊரும் லாரிகளைப் பார்த்துப் பொருமுவான். "டிசிப்ளினே இல்லக்கா" என்பான். எனக்கு அது வசதியானவர்களின் புகாராகப் படுகிறது. வேகமாகப் போகிறவனுக்கு வழி கிடைக்கவில்லை என்பது சாலை நாகரிகத்தின் பிரச்சினை ஆகிவிடுகிறது. மெதுவாகப் போகிறவளுக்கு ஒதுக்கிய தடமே அவளுக்குக் கிடைப்பதில்லை என்பதை யார் பேசினார்கள்?

ஏனென்றால் ஓரம் என்று இவர்கள் சொல்வது இடது தடத்தை இல்லை. அதில்தான் நான் ஏற்கெனவே இருக்கிறேனே! இவர்கள் காட்டும் இடம் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே என்ன இருக்கிறது என்று காருக்குள் இருந்து பார்த்தால் தெரியாது. டிப்பர் லாரிகள் சிந்திய எம்-சாண்டும் ஜல்லியும் இருக்கும். தாரும் மண்ணும் சேருமிடத்தில் நான்கு விரல் பள்ளம் இருக்கும். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் அதில் இறங்கினால் திரும்ப ஏறுவதற்குள் வண்டி சாய்ந்துவிடும். பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, விளக்குப் போடாமல் ஓட்டுநர் தூங்கும் லாரி நிற்கும். அறுவடை நாட்களில் உளுந்து காயும், அதைச் சுற்றி வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். நடுத்திட்டில் திறப்பு எங்கோ தள்ளி இருப்பதால் எதிர்த்திசையிலேயே ஒரு எக்ஸ்எல் வண்டி இரண்டு பால் கேன்களோடு நம்மைப் பார்த்து வரும். ஆம்னி பேருந்து பக்கத்தில் கடக்கும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், அடுத்த நொடி அதன் பக்கமாக இழுக்கும். தடத்தின் நடுவில் இருந்தால் அந்தத் தள்ளலைத் தாங்க இடதுபுறம் நாலு முழம் இருக்கும். ஓரத்தில் இருந்தால் ஒன்றும் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. ஓரத்தில் ஒடுங்கிப் போகிறவளைப் பார்த்ததும் பின்னால் வருகிறவன் தடம் மாறாமலே, அவளை உரசியபடி கடந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறான். அவள் நடுவில் போனால் அவன் வலது தடத்துக்கு மாறித்தான் ஆகவேண்டும். பாதுகாப்பு என்று நமக்குச் சொல்லித்தரப்பட்ட இடம்தான் ஆபத்தான இடம். வீட்டைப் பற்றியும் இதையேதான் பெண்ணியவாதிகள் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள், அதை இங்கே விரிக்கவில்லை.

சென்ற ஆண்டு முதுகலைத் தமிழ் இரண்டாமாண்டு படித்த என் மாணவி ஒருத்தி இந்தச் சாலையில் விழுந்தாள். மாலை நாலரை மணி, வெயில் இருந்தது. பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது, பட்டப்பகலில் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது. வலது தடம் காலியாக இருந்தது என்று அவள் என்னிடம் மூன்று முறை சொன்னாள். காலியாக இருந்தது அம்மா, காலியாகத்தான் இருந்தது. (தமிழ்த்துறை என்பதால் பிள்ளைகள் எங்களை 'அம்மா' என்றே கூப்பிடுவார்கள்.) வெள்ளைக் கோட்டில் போய்க்கொண்டிருந்தவள், கோட்டைத் தாண்டி இறங்கினாள். ஜல்லி இழுத்துவிட்டது. வலது மணிக்கட்டும் தோள்பட்டை எலும்பும் உடைந்தன. கார் நிற்கவில்லை. பின்னால் வந்த ஒரு லாரி ஓட்டுநர் நிறுத்தி, 108க்குச் சொல்லி, சிதறிய அவளது குறிப்பேடுகளைப் பொறுக்கிப் பையில் போட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருந்தார். மருத்துவமனையில் விவரம் எழுதிக்கொள்ள வந்தவர் கேட்ட முதல் கேள்வி: "ஓரமாப் போயிருக்கலாமேம்மா?"

அவள் ஓரமாகத்தான் போனாள். ஓரமாகப் போனதால்தான் விழுந்தாள்.

அவளுடைய அப்பா வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். இனிமேல் பஸ்ஸில் போ என்றார். 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், அதில் போய்ப் படிக்கும் பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே பலர். ஆனால் பஸ் நின்றால்தானே ஏறுவது? அவள் ஊருக்கு வருவது காலையில் ஒன்று, இருட்டிய பிறகு ஒன்று. நாற்கரச் சாலையில் பறக்கும் பேருந்துகளுக்கு அந்த ஊர் கண்ணில் படாது. வருகைப்பதிவு குறைந்தது. நான்காம் பருவத் தேர்வை அவள் எழுதவில்லை.

சாலை விதிகள் ஒன்றும் புரியாத சமாச்சாரம் இல்லை. 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளும் சரி, அவற்றுக்குப் பதிலாக 2017இல் வந்த ஓட்டுதல் விதிமுறைகளும் சரி, முந்துகிறவர்மீதுதான் பொறுப்பைச் சுமத்துகின்றன. யாருக்கும் ஆபத்து இல்லாதபோதுதான் அவர் முந்தலாம். முந்தப்படுகிறவர் செய்யவேண்டியது, வேகத்தைக் கூட்டாமலும் மறிக்காமலும் இருப்பது. அவ்வளவுதான். முன்னால் போகிற வண்டி தாரைவிட்டு மண்ணில் இறங்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. ஆனால் நம் ஊரில் மரியாதை என்பது கீழிருந்து மேலே போகும் பொருள். சின்னவர் பெரியவருக்குக் கொடுப்பது, மருமகள் மாமியாருக்குக் கொடுப்பது, ஸ்கூட்டர் காருக்குக் கொடுப்பது. வேகமும் எடையும் உள்ளவன் அவை இல்லாதவளுக்குக் காட்டவேண்டிய பொறுமைக்கு நம்மிடம் ஒரு சொல்கூட வழக்கத்தில் இல்லை. ஒருமுறை கடையொன்றில் இதைச் சொன்னபோது பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், "டோல் கட்டுறது நாங்க மேடம், உங்களுக்கெல்லாம் ஃப்ரீதானே" என்றார். சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை, உண்மைதான். காசு கொடுத்தவன் சாலையை வாங்கிவிட்டதாக நினைக்கிறான்.

யார் யாருக்கு வழிவிட்டு ஒதுங்குவது என்பது இந்த மண்ணில் சின்னக் கேள்வியும் இல்லை. தன் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி ஓட்டிப் போனார். 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக. பெரியார் சிறை சென்ற அந்தப் போராட்டத்தில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் இறங்கினார்கள். இன்றும் சில தெருக்களில் தலித் இளைஞர்கள் பைக்கில் போனால் அடி விழுகிறது. அதுவும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய், அதுவும் என் சாதிக்கு வசதியான பொய். ஆனால் "ஒதுங்கு" என்று சொல்கிற வாய்க்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், பழைய இடம் ஒன்றில்தான் போய் நிற்கிறோம்.

சட்டம் நம்மை எப்படிப் பார்த்தது என்பதற்கு ஓர் உதாரணம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும், பின்னால் உட்காருகிறவரின் ஆடை சிக்காமல் இருக்க. நாம் சேலைக்கம்பி என்று சொல்வது. தேவையான விதிதான், எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும். அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: நெடுஞ்சாலையில் பெண் என்றால் இவர்கள் மனத்தில் வந்தவள் ஒருபக்கமாகக் கால்போட்டுப் பின்னால் உட்கார்ந்திருப்பவள்.

விராலிமலை இருப்பது புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் ஆயிரமாயிரம் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த மாவட்டம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். குவாரியில் கல் உடைத்தவர்களும் விவசாயக் கூலிகளும் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்தவர்கள், முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்க அதுதான் வசதி என்று கண்டுகொண்டார்கள். கிண்டலும் வசவும் அன்றைக்கும் இருந்தன. 2018இல் உழைக்கும் மகளிருக்கு ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை அரசு மானியம் கொடுத்தது. சைக்கிள் வந்தது, ஸ்கூட்டர் வந்தது, ஓட்டுநர் உரிமத்துக்கு 'எட்டு'ப் போடவும் கற்றுக்கொண்டோம். தடத்தை மட்டும் யாரும் தரவில்லை. தடத்தில் எங்கே நிற்பது என்று ஓட்டுநர் பள்ளியிலும் சொல்லவில்லை. மைதானத்தில் எட்டுப் போட்டவளை நேராக நாற்கரச் சாலைக்கு அனுப்பிவிட்டு, வலது இண்டிகேட்டர் போட்டு இடதுபக்கம் திரும்புகிறாள் என்று மீம் போடுகிறார்கள். ஏர்ஹாரன் வைத்தவனைப் பற்றி மீம் கிடையாது.

நம் சாலைகளில் நாகரிகமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். சைடு ஸ்டாண்டை எடுக்க மறந்து கிளம்பிவிட்டால், முகம் தெரியாத ஒருவர் பதறிப்போய் "அக்கா ஸ்டாண்டு, ஸ்டாண்டு!" என்று கத்திவிட்டுப் போவார். துப்பட்டா சக்கரத்தருகே தொங்கினால் சைகை காட்டுவார்கள். 2017இல் வண்டிகளுக்கு அணைக்க முடியாத முகப்பு விளக்கு வந்த புதிதில், பகலில் லைட் எரிகிறது என்று விரலை மூடித் திறந்து காட்டாத ஆள் இல்லை. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால், அவ்வளவு பேர் கவனித்திருக்கிறார்கள். லாரியின் இடது சன்னலிலிருந்து கையை நீட்டி, பொறு என்றோ வா என்றோ காட்டும் கிளீனர்களை நம்பி நான் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். பெரிய வண்டிக்காரர்கள்தான் மோசம் என்பது நான் வண்டி எடுக்கும்முன் வைத்திருந்த எண்ணம். என் அனுபவத்தில் ஸ்கூட்டருக்கு அதிக இடம் விடுகிறவர்கள் லாரிக்காரர்கள். நாள் முழுக்கச் சாலையில் கிடப்பவர்களுக்குச் சாலை பொது என்று தெரியும்போல.

என் பங்கு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரி வாசல் சாலையின் மறுபக்கம். திருப்பம் தாண்டிப் போய் வர நேரமாகும் என்று முந்நூறு மீட்டர் எதிர்த்திசையில் போயிருக்கிறேன், பல முறை. அப்போது ஓரத்தில் எனக்கு எதிரே சரியான திசையில் வந்தவள் ஒரு செவிலியர், வெள்ளைக் கோட்டு பையில் மடித்திருந்தது. நான் அசையவில்லை, அவள்தான் தடுமாறி ஒதுங்கினாள். நான் கைகாட்டி மன்னிப்புக் கேட்டேன், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குறுக்கு வழியை விட்டேன்.

மாணவிகளிடம் இப்போது வகுப்பிலேயே சொல்கிறேன், இலக்கணத்துக்கு நடுவே. இடது தடத்தின் நடுவில் போ. கண்ணாடியைப் பார். பின்னால் ஹாரன் அடித்தால் அது உத்தரவு இல்லை, ஒரு சத்தம். பிடியைத் தளர்த்தாதே, சட்டென்று இறங்காதே. அவன் வலதுபக்கம் மாறட்டும், மாற இடம் இருக்கிறது. உண்மையிலேயே வெறிபிடித்தவன் வந்தால், வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, நீ முடிவு செய்து ஒதுங்கு. ஒரு பெண் எழுந்து, "மறிச்சிக்கிட்டுப் போறாள்னு திட்டுவாங்களே அம்மா" என்றாள். திட்டட்டும். ஹெல்மெட்டுக்குள் அவ்வளவாகக் கேட்காது.

விழுந்த மாணவியின் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். அவளுடைய அப்பா மரியாதையானவர், திண்ணையில் பாய் விரித்து உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். "நீங்க சொல்றது சரிதான் டீச்சரம்மா. பின்னால வர்றவனுக்கு யாரு சொல்றது?" என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசலில் அவளுடைய ஸ்கூட்டர் இல்லை. தம்பி வேலைக்கு எடுத்துக்கொண்டு போகிறானாம். அவன் அதில் இரண்டு முறை விழுந்துவிட்டான், இரண்டாவது முறை போன் பேசிக்கொண்டே. இரண்டு முறையும் வண்டி மெக்கானிக்கிடம் போய்த் திரும்பியது, சாவி அவன் கைக்கே போனது.

நான் கிளம்பும்போது அவள் கேட் வரை வந்தாள். அரியர் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எப்போது என்று கேட்டாள். சொன்னேன். ஐந்து தாள், தேர்வு நவம்பரில். அந்த ஐந்து நாளும் நானே வந்து வண்டியில் கூட்டிப்போகிறேன், அப்பாவிடமும் சொல்லிவிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் என் ஸ்கூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே கேட்காத குரலில் சொன்னாள்:

"நான் ஓட்டுறேன் அம்மா. நீங்க பின்னால உட்காருங்க."