பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்னும் பிரமை

திருவெண்ணெய்நல்லூர் வழக்குக்குப் பேர்போன ஊர். மணக்கோலத்திலிருந்த சுந்தரரைத் தடுத்து, அவர் தமக்கு வழிவழி அடிமை என்று வாதாடிய கிழவேதியர், படியோலை கிழிபட்ட பின்னரும் கலங்காமல், மூல ஓலையை இவ்வூர்ச் சபையார் முன்னிலையில் எடுத்து வைத்து வழக்கை வென்றார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ஆவணத்தைக் காணாமல் எவருடைய சொல்லையும் ஏற்க மறுத்த அந்தச் சபையை மனத்தில் நிறுத்திக்கொண்டு, இவ்வூரிலும், விழுப்புரம் திண்டிவனம் வட்டாரம் முழுவதிலும், வீடு கட்டுகிற கிரகஸ்தர்களும் கட்டிக்கொடுக்கிற மேஸ்திரிகளும் ஒருமுகமாகச் சொல்லிவருகிற ஓர் அபிப்பிராயத்தை விசாரணைக்கு அழைக்கிறேன். முதலில் வீட்டைக் கட்டி முடிப்போம், சோலாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அது. கேட்பதற்கு இதைவிட நியாயமான பேச்சு இல்லை. நடைமுறையில் இதைப்போல் வீட்டையும் பொருளையும் ஒருங்கே கெடுக்கும் பேச்சும் இல்லை.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், பிற்பகல் மூன்று மணி அளவில், என் பெரியப்பா மகன் வீட்டு மொட்டைமாடியில் அவரோடு நின்றிருந்தேன். வீடு கட்டி ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு பலகைகளை வாங்கி வைத்திருந்தார். "காலையிலே நல்லாத்தான் ஓடுதுப்பா, மத்தியானத்துக்கு மேலே அப்படியே படுத்துக்குது" என்றார். காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அது எங்கள் காலடியிலேயே கிடந்தது. கன்னிமூலைதான் உயர்ந்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கைப்படி தென்மேற்கில் மாடிப்படி அறையும், அதன் தலைமேல் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் நின்றன. தை மாதத்துப் பிற்பகல் சூரியனோ அதே தென்மேற்குத் திசையில்தான் சாய்கிறான். அந்த நேரத்தில் பன்னிரண்டு அடி உயரமுள்ள பொருளுக்கு ஏறத்தாழப் பதினைந்தடி நிழல் விழும். அந்த நிழல் வடகிழக்கு நோக்கி நீண்டு, இரண்டு பலகைகளின் ஓரத்தை ஒரு முழ அகலத்துக்கு மூடியிருந்தது.

ஒரு முழந்தானே என்று அலட்சியமாக எண்ணுவதற்கில்லை. பலகைக்குள் இருக்கும் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. வாய்க்காலில் ஓரிடத்தில் அடைப்பு விழுந்தால் கடைமடை வரைக்கும் நீர் குறைவதுபோல, நிழல் பட்ட சில செல்கள் தம்மோடு கோத்த மற்றவற்றின் ஓட்டத்தையும் மறித்துவிடும். இதற்காகவே பலகையின் முதுகில் பைபாஸ் டையோடுகளை வைக்கிறார்கள். அவை நிழல் விழுந்த பகுதியை ஒதுக்கி மற்றதைக் காப்பாற்றுமேயன்றி, ஒதுக்கப்பட்ட பகுதியில் நல்ல வெயிலில் இருக்கும் செல்களின் மின்சாரத்தை மீட்டுத்தரமாட்டா. வீட்டுக்கு வரைபடம் போட்ட அன்று தொட்டியின் இடத்தை அரை மணி நேரம் யோசித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம், இனி அந்தப் பலகைகள் உழைக்கும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் ஒவ்வொரு குளிர்காலப் பிற்பகலிலும் தொடரும்.

நிழலைத் தப்ப வேண்டுமென்றால் இரும்புத் தூண்களை உயர்த்திப் பலகைகளை மேலே தூக்க வேண்டும். அதற்குத் தளத்தில் துளையிட வேண்டும். தளத்தின் மேலோ சுருக்கி போட்டுத் தட்டோடு பதித்து, மழைநீர் வடிய வாட்டம் கொடுத்து, சந்து சந்தாகப் பூசிய வேலை இருக்கிறது. அதில் போல்ட்டுக்காக ஓட்டை போட்ட நாள் முதல் அடுத்த ஐப்பசி வரைக்கும் ஒன்றும் தெரியாது. ஐப்பசியில் கூடத்து மச்சில் ஈரம் படரும்போது, சோலார் வைத்ததால் வீடு ஒழுகுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு எழும். பலகையின்மேல் சுமத்தப்படும் இந்தப் பழி, முறைப்படி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவரைச் சேர வேண்டியது. துளைக்கு அஞ்சித் தூணைச் சிமெண்டுக் கட்டியின்மேல் வெறுமனே நிறுத்தி வைப்பவர்களையும் பார்க்கிறேன். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலையும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சலையும், அதைத் தொடர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டதையும் கண்ட வட்டாரத்தில், காற்றுக்குப் பாய் விரித்ததுபோல் நிற்கும் அந்தப் பலகைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

இந்த அலட்சியத்துக்கு அடியில் இன்னொரு தவறான எண்ணமும் இருக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு எங்கே எப்படி வைத்தாலும் கரண்டு கொட்டும் என்கிறார்கள். பலகைக்கு வேண்டியது வெளிச்சம். வெப்பம் அதற்குப் பகை. 25 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் சிலிக்கான் பலகையின் ஆற்றல் நூற்றுக்குக் கால் முதல் அரை வரையில் குறையும் என்று பொதுவாகச் சொல்லலாம். சித்திரை நடுப்பகலில் பலகை 65 பாகை வரை காய்கிறபோது ஏழில் ஒரு பங்கைக்கூட இழந்துவிடும். ஆகையால் பலகையையே கூரையாக்க விரும்புபவர் அதைக் கான்கிரீட்டோடு ஒட்டிவிடலாகாது. அடியில் காற்று புகுந்து வெளியேற இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியே தளத்துக்கும் நிழலாகி, கீழே படுத்துறங்குகிறவரின் வெக்கையைத் தணிக்கும்.

சுவரிலும் பதிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மான்செஸ்டர் நகரத்து சி.ஐ.எஸ். கோபுரத்தில், உதிர்ந்துகொண்டிருந்த மொசைக் சில்லுகளுக்குப் பதிலாகச் சூரியப் பலகைகளையே சுவருக்குப் போர்வையாக அமைத்தார்கள். அங்கே மார்கழி நடுப்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் 13 பாகைதான் எழும்புகிறது. அந்தக் கிடையான கதிருக்குச் சுவர் தக்க இடம். நமக்கு அதே நாளில் 54 பாகைக்கு மேல் எழும்புகிறது. சித்திரை இரண்டாம் வாரம் முதல் ஆவணி முதல் வாரம் வரையிலோ நடுப்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே போய்விடுவதால், தெற்குச் சுவருக்கு அப்போது நேர்க்கதிரே கிடையாது. நம் நாட்டுக்குக் கூரைதான் வயல்.

கூரையையும் கதிரையும் ஒரே காரியமாக நினைப்பது நமக்குப் புதிதன்று. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில், 300 சதுர அடி வீட்டுக்கு ஒதுக்கிய 1.80 லட்சம் ரூபாயில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கென்றே இருந்தது. படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் என்று ஐந்து விளக்குகள். ஏழைக்குக் கட்டும் வீட்டின் கணக்கில் சுவரோடு வெளிச்சமும் சேர்ந்தே எழுதப்பட்டது. இதே மாவட்டத்தின் கிழக்கில், ஆரோவிலின் சூரியச் சமையற்கூடத்துக்குப் போனவர்கள் இன்னும் தெளிவாகக் காணலாம்: கட்டடத்தின் உச்சியில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. கிண்ணம் அசைவதில்லை, சூரியன் நகர நகரக் கதிர் குவியும் இடம் மாறுகிறது, மேலே தொங்கும் கொதிகுழாய் அதைத் தொடர்ந்து சென்று நீராவி தருகிறது, அந்த நீராவியில் கீழே சோறு வேகிறது. இப்படிப்பட்ட கிண்ணத்தைக் கட்டி முடித்த வீட்டின்மேல் பிறகு கொண்டுபோய் வைத்துவிட முடியுமா?

இப்போது கையில் பணமில்லையே என்பது உண்மையான கஷ்டம். அதை நான் லேசாகத் தள்ளவில்லை. 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசுத் திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறதென்றாலும், மீதிப் பணத்துக்கு வீடு கட்டிய கடனோடு இன்னொரு கடன் சேரும். ஆனால் பலகையை இன்றே வாங்கச் சொல்லவில்லை. தளம் போடும் நாளன்று நான்கு போல்ட்டுகளும், ஒயர் இறங்க ஒரு பைப்பும், தொட்டிக்குத் தக்க இடமும் போதும். வாஸ்துவை நம்புகிறவர் அதையும் விட வேண்டியதில்லை. கன்னிமூலை மாடிப்படி அறையின் மூலைத் தூண்களை மேலே நீட்டி, தொட்டியைத் தாழ்வாக வைத்து, அதற்கு மேலே பலகைகளைக் கூரையாகப் போட்டுவிட்டால், உயரம் உயரமாகவே நிற்கும். நிழல் விழுவதற்கு அதைவிட உயர்ந்த பொருள் மாடியில் இராது. சித்திரையில் குழாயைத் திறந்தால் கை பொசுக்கும் தண்ணீரும் நிழலில் ஆறும்.

அண்ணனின் இளைய மகன் இப்போது பக்கத்து மனையில் வீடு எழுப்புகிறான். போன வாரம் தளம் போடுவதற்கு முன்தினம் அவனோடு சென்ட்ரிங் பலகைமேல் ஏறினேன். மேஸ்திரி முதலில் தலையைச் சொறிந்தார். பிறகு படத்தை வாங்கிப் பார்த்து, சாக்கட்டியால் நான்கு இடத்தில் குறியிட்டார். முறுக்குக் கம்பிகளுக்கிடையே போல்ட்டுகளை நிறுத்திக் கட்டுக்கம்பியால் இறுக்கிய பின், சிமெண்டுப் பால் மரையில் ஏறாதபடி ஒவ்வொன்றின் தலைக்கும் பிளாஸ்டிக் பை சுற்றி, நூலால் கட்டி விட்டார்.