எம்மவர் வீட்டுக்கும் எழுத்து வேண்டும்

தொண்ணூறுகளின் கடைசியில் இலண்டன் வந்தபோது என் முதல் அறை ஓர் ஊரவரின் வீட்டில். ஒப்பந்தமும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. வெளிக்கிட்டபோது முற்பணம் திரும்பவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. அகதிக்கு அறை தந்தவர் அல்லவா?

இன்று கணக்காளனாக எம்மவர் பலரின் வாடகைக் கணக்குகளைப் பார்க்கிறேன். அதே வாய்ப்பேச்சு தொடர்கிறது. ஆனால் இனி அது வீட்டுக்காரரையே கடிக்கும்.

இங்கிலாந்தின் புதிய வாடகையாளர் உரிமைச் சட்டம் 2025 ஒக்டோபர் 27 இல் அரச ஒப்புதல் பெற்றது. முக்கிய பகுதிகள் 2026 மே 1 இல் நடைமுறைக்கு வருகின்றன. காரணம் சொல்லாமல் எழுப்ப உதவிய 21 ஆம் பிரிவு ஒழிகிறது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று காலம் குறித்து எழுதுவதும் செல்லாது. வீட்டை விற்கவோ தாம் குடிபுகவோ வேண்டுமென்றால் நான்கு மாத அறிவித்தல் வேண்டும். முதல் 12 மாதங்களில் அதுவும் முடியாது. வாடகை நிலுவைக்காக நீதிமன்றம் கட்டாயமாக எழுப்ப உத்தரவிடுவதென்றால் மூன்று மாத நிலுவை இருக்கவேண்டும். எழுத்தும் வங்கிப் பதிவும் இல்லாமல் கையில் காசு வாங்கியவர் அதை எப்படி நிரூபிப்பார்?

ஆகவே ஒப்பந்தத்தில் வாடகைத் தொகை, செலுத்தும் நாள், முற்பணம், யார் எந்தக் கட்டணம் கட்டுவது, திருத்த வேலை யார் பொறுப்பு என்பவை தெளிவாக இருக்கவேண்டும். வருடா வருடம் வாடகை தானாகக் கூடும் என்ற வாசகம் பயன்படாது. ஆண்டுக்கு ஒருமுறை, உரிய படிவத்தில், இரண்டு மாத அறிவித்தலோடுதான் கூட்டலாம். முற்பணம் பொதுவாக ஐந்து வார வாடகையைத் தாண்டக்கூடாது. அதை 30 நாட்களுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் இடாவிட்டால் மூன்று மடங்குவரை தண்டம் வரலாம். வாய்ப்பேச்சில் நடக்கும் பழைய வாடகைகளுக்கும் மே 31 க்குள் முக்கிய நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்கவேண்டும்.

ஒரு கவலையும் உண்டு. கடன் வரலாறு இல்லாத புதிதாக வந்தவர்கள் ஆறு மாத வாடகையை முன்கூட்டிக் கட்டியே வீடு எடுத்தார்கள். இனி ஒரு மாதத்துக்கு மேல் கேட்கமுடியாது. வீட்டுக்காரர்கள் பிணையாளரைக் கேட்பார்கள். இங்கு உறவு இல்லாத பிள்ளைக்குப் பிணை நிற்பவர் யார்? ஊர்ச் சங்கங்கள் இதை இப்போதே பேசவேண்டும்.

வீட்டுக்காரர் தாமும் வசித்துச் சமையலறையைப் பகிரும் வீட்டில் அறை எடுப்பவருக்கு இந்தப் பாதுகாப்புகள் பெரும்பாலும் இல்லை. அவருக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். அன்று எனக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால், அந்த ஊரவரோடு இன்றும் கதைத்துக்கொண்டிருப்பேன்.