சத்தம் வேற, சக்தி வேற அண்ணாச்சி!

திருவனந்தபுரத்துல பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, குறிப்பா பழைய பிக்கப்போ 407-ஓ வச்சு சாலைக் கம்போளத்துக்கு லோடு அடிக்கிற நம்ம அண்ணாச்சிமாருக்கு இந்தப் பதிவு. திட்டணும்னா தாராளமா திட்டுங்க. முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். ராத்திரி 3 மணிக்கு ஸ்ரீவராகத்துல உங்க வண்டி போடுற சத்தம் நிக்கணும். நிறுத்த முடியும். பெரிய செலவும் கிடையாது.

விடியறதுக்குள்ள காய்கறி சாலைக்குப் போய்ச் சேரணும், அதை யாரும் குத்தம் சொல்லலை. தமிழ்நாட்டுக் காய்கறி வராட்டி இந்த ஊர்ல அவியலும் கிடையாது, சாம்பாரும் கிடையாது :-) ஆனா கோட்டைப் பக்கத்துச் சந்துகள் எப்படின்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு பக்கமும் மதில். ஒரு வண்டி ஸ்டார்ட் ஆனா சத்தம் மதிலுக்கு மதில் மோதித் தெரு முழுக்க எழுப்பி விட்டுடும். அதுலயும் கம்பெனி போட்ட மேனிபோல்டைக் கழட்டிட்டு பைப் ஹெட்டர் மாட்டி, சைலன்சர் உள்ளே இருக்கிறதை எல்லாம் வெட்டி எறிஞ்ச வண்டின்னா கேக்கவே வேணாம்.

"பேங்க்ல உக்காந்து கையெழுத்துப் போடுற பி.காம். ஆளுக்கு இஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?"னு ஒருத்தர் கேட்டார். நான் நாமக்கல்காரனுங்க. லாரிப் பட்டறைச் சத்தத்துல வளர்ந்தவன். இருபது வருஷமா வண்டிக் கடன் பேப்பர் பாக்குறவன். நான் கேட்ட சாக்குகளை ஒவ்வொண்ணா எடுத்துக்குவோம்.

முதல் சாக்கு: "பழைய வண்டி, அப்படித்தான் கத்தும்."

வயசானதால மட்டும் எந்த வண்டியும் அப்படிக் கத்தாது. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கிற ஒவ்வொரு தடவையும் அழுத்தத்தோட புகை வெளியே பாயும். அந்த அடியை வாங்கிக்கத்தான் தடிமனான வார்ப்பிரும்பு மேனிபோல்ட். ஹெட்டர் மெல்லிசு பைப். அடிச்ச மணி மாதிரி அதிரும். வெப்பத்துல அதோட ஃபிளாஞ்ச் கோணிக்கும், போல்ட் தளரும், கேஸ்கெட் கருகும். அந்த இடுக்கு வழியா புகை சைலன்சருக்குப் போகாமலே வெளியேறும். அப்புறம் எவ்வளவு நல்ல சைலன்சர் மாட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

கண்டுபிடிக்கிறது கஷ்டமில்லை. காலையில குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது "டிக் டிக்"னு கேட்டு, சூடானதும் அது குறைஞ்சா பெரும்பாலும் ஃபிளாஞ்ச் கசிவு. அந்த இடத்துல கரிக்கோடு தெரியும். இஞ்சின் ஆறினதும் போல்ட்டை நடுவுல ஆரம்பிச்சு ஓரம் நோக்கி முறுக்கணும். அடங்கலைன்னா ஹெட்டரைக் கழட்டி முகத்தை லேத்துல சமமாக்கி, புது கேஸ்கெட் போடணும். பழைய கேஸ்கெட்டையே திருப்பிப் போட்டா ஒரு மாசத்துல பழைய கதைதான். பழைய மேனிபோல்ட் பட்டறை மூலையில கிடந்தா அதையே திருப்பி மாட்டிடுறது இன்னும் உத்தமம். அதோட உள்ளே தடுப்பறை இருக்கிற முழு சைலன்சர். ஹெட்டர் மேல துணி சுத்துறது கொஞ்சம் அடக்கும், ஆனா ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். இந்தக் கடற்கரை ஊர்ல பைப் சீக்கிரம் துருப்பிடிச்சுப் போயிடும்.

கசிஞ்ச புகை கேபினுக்குள்ளயும் வரும். அதை முதல்ல சுவாசிக்கிறது நீங்களும் உங்க கிளீனர் பையனும்தான்.

ரெண்டாவது சாக்கு: "சத்தம் இருந்தாத்தான் இழுவை இருக்கும்."

ரேஸ் வண்டியில, உச்ச ஆர்.பி.எம்.ல, சரியாக் கணக்குப் போட்டுச் செஞ்ச ஹெட்டர் கொஞ்சம் சக்தி கூட்டும். நிஜம்தான். தக்காளி ஏத்திக்கிட்டு மூணாவது கியர்ல போற டீசல் வண்டிக்கு அது எதுக்கு? கசியிற ஹெட்டர் சத்தத்தைத் தவிர வேற எதையும் கூட்டாது.

2005-ல அமலான அளவுப்படி 3.5 டன்னுக்கு மேல எடையும் 75 கிலோவாட்டுக்குக் குறைஞ்ச இஞ்சினும் உள்ள புது சரக்கு வண்டிக்கு உச்சவரம்பு 77 டெசிபல். 10 டெசிபல் கூடினா ஒலியோட ஆற்றல் 10 மடங்கு. காதுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காக் கேக்கும். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்ல குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10 முதல் காலை 6 வரை வச்ச அளவு வெறும் 45. உலக சுகாதார நிறுவனம் 2018-ல ஐரோப்பாவுக்குச் சொன்ன ராத்திரிப் போக்குவரத்துச் சத்த அளவும் 45-தான்.

மூணாவது சாக்குதான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது: "நாம தமிழன்ங்கிறதால குறி வைக்கிறாங்க."

"பாண்டி வண்டி வந்நல்லோ"ன்னு மாடியில இருந்து ஒரு சேச்சி முணுமுணுக்கிறதை நானும் கேட்டிருக்கேன். சுருக்குன்னு இருந்தது. ஆனா சட்டம் நம்மளைத் தேடி வந்ததா? 2019 ஜனவரியில, கம்பெனி அங்கீகாரம் வாங்கின வடிவத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது கேரளத்துல இருந்து போன வழக்குல. 2021 ஆகஸ்ட்ல கண்ணூர்ல பிடிபட்டு ஊரே பேசின மாத்திக் கட்டின வேன், மலையாளி வ்ளாகர்களோடது. 2022 பிப்ரவரியில கேரள மோட்டார் வாகனத் துறை 'ஆபரேஷன் சைலன்ஸ்'னு இறங்கினது, சைலன்சர் மாத்தின உள்ளூர்ப் பசங்களையும் சேர்த்துப் பிடிக்கத்தான்.

அந்த 'பாண்டி'ங்கிற வார்த்தையோட சண்டை போடணுமா? நானும் வரேன். முதல்ல நம்ம வண்டி அடங்கட்டும். அப்புறம் அதே தெருவுல புல்லட்டுல பட்டாசு வெடிக்கிற பையனைப் பத்தி அந்தச் சேச்சியோட பையன்கிட்டயே கேப்போம்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2019 திருத்தத்துக்கு அப்புறம் வண்டியை மாத்தினா ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரை சிறை, இல்லை ரெண்டும்னு சட்டத்துல இருக்கு. ஒலி மாசுக்கு 10,000 வரை போகலாம். நல்லது. ஆனா ரசீது கிழிச்சுக் குடுத்துட்டு அதே ஹெட்டரோட வண்டியை அனுப்பினா, அந்த ரசீது சத்தம் போடுறதுக்கான லைசென்ஸ் ஆயிடும். எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. அன்னைக்கு மட்டும் நல்ல சைலன்சரை வாடகைக்கு எடுத்து மாட்டிட்டு மறுநாள் கழட்டுற கூத்து எந்தப் பட்டறைக்குத் தெரியாது? 2022-ல விசாகப்பட்டினத்துல சைலன்சர்களை ரோடு ரோலர் ஏத்தி நசுக்கினாங்க. டிவிக்கு நல்ல காட்சி. எனக்கு வேண்டியது வேற: ஒரு வாரம் கெடு குடுங்க, சரி பண்ணி மீட்டர் வச்சு அளந்து காட்டச் சொல்லுங்க, மாட்டிக் குடுத்த பட்டறையையும் கேள்வி கேளுங்க.

கடைசியா எங்க பேங்க் பாஷையில சொல்றேன். கேஸ்கெட்டும் நாலு போல்ட்டும் ஒரு டயர் விலையில சின்னப் பங்குதான். அதைக் கூட உங்க கணக்குல எழுதாம மிச்சம் பிடிக்கிறீங்க. அந்தச் செலவு மறைஞ்சு போகலை. நைட் டூட்டி முடிச்சு வந்து படுத்த நர்ஸ் கணக்குல, பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணு கணக்குல, பிரஷர் மாத்திரை போட்டுட்டுத் தூங்குற பெரியவர் கணக்குல பற்று விழுது. ஒரு கையெழுத்துக் கூட வாங்காம தெருவையே உங்களுக்கு ஜாமீன்தாரர் ஆக்கிட்டீங்க. எந்த பேங்கும் இதை அனுமதிக்காது.

வர்ற ஞாயித்துக்கிழமை லோடு இல்லாத நேரம் பாத்து வண்டியைப் பட்டறையில விடுங்க அண்ணாச்சி. "கேஸ்கெட் மாத்து, ஃபிளாஞ்சைச் சமமாக்கு"ன்னு ரெண்டே வார்த்தை சொன்னாப் போதும்.