கட்டுச்சோறும் பொதுச்சமையலும்

யாத்திரை போவோருள் வீட்டிலிருந்தே கட்டுச்சோறு கொண்டுபோவோர் உண்டு. மடத்துச் சமையலை நம்பிக் கைவீசிப் போவோரும் உண்டு. முன்னவர்க்குப் பிறர் தயவு வேண்டியதில்லை, பின்னவர்க்குச் சுமையில்லை. இவ்விரு வழக்கங்களும் கணினியுலகிலும் நிலவக் காண்கிறோம்.

சென்ற வாரம் நம் மாணாக்கர் ஒருவர், ஜாவா மொழியில் தாம் இயற்றிய செய்நிரலொன்றைக் கொணர்ந்து, "ஐயா, இதனை டெபியன் லினக்ஸில் சேர்த்துவிடலாமா? ஒரே கோப்புத்தான், எங்கும் இயங்கும்" என்றார். கோப்பைப் பிரித்துப் பார்த்தோம். அவர் எழுதியது சிறு பகுதியே; எஞ்சியவை பிறர் எழுதிய நூலகங்கள். "இவை எங்கிருந்து வந்தன?" என்று வினவினோம். "மேவன் என்னும் கருவி இணையத்திலிருந்து தானே எடுத்து வைத்தது, ஐயா" என்றார். அவற்றுள் ஒன்றையேனும் அவர் திறந்து பார்த்தாரில்லை.

1995ஆம் ஆண்டு வெளிவந்த ஜாவா, ஒருமுறை எழுதியதை எக்கணினியிலும் இயக்கலாம் என்ற உறுதியோடு பரவிற்று. வேண்டியன யாவற்றையும் ஒரே ஜார் கோப்பில் கட்டிக் கொடுத்தல் அதன் பயனாளர்க்கு இயல்பாயிற்று. 1993இல் இயன் மேடொக் தொடங்கிய டெபியனோ பொதுச்சமையல் வழி நிற்பது. அதன் முதன்மைத் தொகுதியிற் சேரும் ஒவ்வொன்றும் மூலநிரலிலிருந்தே ஆக்கப்படல் வேண்டும். ஆக்கும்போது இணையத்தை நாடுதல் ஆகாது. உரிமமும் கட்டற்றதாயிருத்தல் வேண்டும். இக்காரணத்தாலேயே, சன் நிறுவனத்தின் ஜாவாவை வேண்டிநின்ற செய்நிரல்கள், தாம் கட்டற்றனவாயினும், முதன்மைத் தொகுதிக்குப் புறத்தே நிறுத்தப்பட்டன. 2006இல் அந்நிறுவனம் ஜாவாவைக் கட்டற்ற உரிமத்தில் வழங்க முன்வந்த பின்னரே அத்தடை நீங்கலாயிற்று.

ஆகவே, பொதி ஆக்குவோர் முதலிற் செய்வது அவிழ்த்தலே. உள்ளே கட்டிய ஜார் கோப்புகளை அகற்றி, ஒவ்வொரு நூலகமும் டெபியனில் முன்னரே தனிப்பொதியாக உண்டா எனத் தேடுதல் வேண்டும். உண்டேல், அதனைச் சார்ந்திருப்பதாகக் குறித்தாற் போதும். இன்றேல், அந்நூலகத்தை முதலிற் பொதியாக்கல் வேண்டும். அதுவோ வேறு நூலகங்களை வேண்டிநிற்கும். ஒன்றைத் தொட, பத்து எழும்.

இத்துணை உழைப்பும் எதற்கு? 2021 டிசெம்பரில் விடை கிடைத்தது. நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் லொக்ஃபோர்ஜே என்னும் ஜாவா நூலகத்திற் கொடிய ஓட்டையொன்று வெளிப்பட்டது. பகைவர் அனுப்பும் ஒரு வரியை அது குறித்துக்கொள்ள நேர்ந்தால், அயற்கணினியிலிருந்து அவர் நிரலை வருவித்து இயக்கிவிடும். உலகெங்கும் நிறுவனங்கள், தம் எந்தச் செய்நிரலின் வயிற்றில் அந்நூலகம் ஒளிந்துள்ளதென ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துத் தேடின. டெபியனிலோ நூலகம் தனிப்பொதியாய் இருந்தது. அவ்வொரு பொதி திருத்தப்பட, அதனைச் சார்ந்த செய்நிரல்களெல்லாம் மீள இயக்கிய அளவிற் பயன் பெற்றன.

கட்டுச்சோற்றின் பக்கமும் நியாயமுண்டு. ஆசிரியர் சோதித்தது ஒரு பதிப்பு. டெபியன் வைத்திருப்பது வேறொன்றாயின், செய்நிரல் தடுமாறக்கூடும். அதனைச் சரிசெய்யும் சுமை, கூலி பெறாத தன்னார்வலர் தோள்களிலேயே பெரிதும் விழுகிறது. பொதுக்கிணறு கெட்டால் ஊர் முழுதும் கெடும் என்பதும் மெய்யே. ஆயினும், அதனை இறைத்துத் துப்புரவு செய்வது ஓரிடத்து வேலை. வீடுதோறும் மூடிவைத்த குடங்களைச் சோதித்தலோ முடிவற்ற வேலை.

இவற்றைக் கேட்ட மாணாக்கர் சற்று வாடினார். இரு நாள் கழித்து வந்து, "நூலகங்களுட் பல டெபியனிலேயே உள்ளன, ஐயா. ஒன்றை நான் பயன்படுத்தவேயில்லை, நீக்கிவிட்டேன். இன்னுமொன்றின் உரிமந்தான் விளங்கவில்லை" என்றார். அவர் செய்நிரல் டெபியனிற் சேர நாட்செல்லும். ஆனால், தம் பெயரால் பிறர் கையிற் கொடுப்பது இன்னதென அறிந்து கொடுக்கும் பழக்கம் அவர்க்கு வந்துவிட்டது. மாணாக்கர் ஏனையோரும், தாம் கட்டிய பொதியைப் பிறர்க்கு நீட்டுமுன், ஒருமுறை அவிழ்த்துப் பார்ப்பாராக.