மெட்டபாலிசம் மேல பழி போடாதீங்க

கூடுவாஞ்சேரிக்குக் குடிவந்து பதினெட்டு வருஷம் ஆச்சு. இந்தப் பதினெட்டு வருஷமும் எங்க வீட்டுச் சாப்பாட்டு நேரத்துல ஒரே வசனம்தான். "அவனுக்கு இன்னொரு தோசை போடும்மா, காத்தடிச்சா பறந்துடுவான். நீ போதும், உனக்கு மெட்டபாலிசம் ஸ்லோ." முதல் பாதி எனக்கு, ரெண்டாவது பாதி தங்கமணிக்கு. சொல்றது எங்கம்மா. அம்மாவுக்கு இந்த வார்த்தை எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, எல்லாம் டிவி உபயம்.

நான் 62 கிலோ, 165 சென்டிமீட்டர். தங்கமணி 84 கிலோ, 158 சென்டிமீட்டர். போன ஆடியில ஆபீஸ்ல எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்க. வெறும் வயித்துல எனக்குச் சர்க்கரை 168. நம்பாம வேற லேப்ல கொடுத்தேன், அங்கேயும் அதே கதை. பயந்துபோய் தங்கமணியையும் இழுத்துட்டுப் போனேன். அவங்களுக்கு 92. ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு அவங்க ஒண்ணுமே சொல்லலை. நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலை.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். வண்டலூர்ல இருக்கிற மாதிரி பெரிய மிருகங்களை வச்சு ஆரம்பிச்சா இது சுலபமாப் புரியும். 1932-ல மாக்ஸ் கிளைபர்னு ஒருத்தர் எலியிலேர்ந்து மாடு வரைக்கும் கணக்கெடுத்துச் சொன்னது இது: எடை ரெண்டு மடங்கானா உடம்போட செலவு ரெண்டு மடங்காகாது, சுமார் 1.7 மடங்குதான். அதனால ஒரு கிலோவுக்கு எவ்வளவுன்னு பார்த்தா மூஞ்சூறுதான் வேகமா எரியும், யானை நிதானம். மொத்தச் செலவைப் பார்த்தா யானைதான். (பிள்ளையார் ரெண்டையும் ஒண்ணா வச்சிருக்கார் பாருங்க!)

மனுஷனுக்கும் கிட்டத்தட்ட இதேதான். டாக்டர்கள் பயன்படுத்துற சூத்திரத்துல எங்க ரெண்டு பேரையும் போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்கச் சும்மா படுத்திருந்தாலே ரெண்டு உடம்பும் 1400 கலோரிக்குக் கொஞ்சம் மேல எரிக்கும். அதுலயும் தங்கமணிக்குத்தான் ஒரு இருபது கூட. ஆக, பதினெட்டு வருஷமா "ஸ்லோ"ன்னு பேர் வாங்கின அடுப்பு என்னுதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாவே எரிஞ்சிருக்கு.

இதுல நம்ம சென்னைக் கதை ஒண்ணு இருக்கு. நுங்கம்பாக்கம் மகளிர் கிறித்துவக் கல்லூரியில எலினார் மேசன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியை. பாஸ்டன் ஆராய்ச்சியாளர் பிரான்சிஸ் பெனடிக்ட்டோட சேர்ந்து, தென்னிந்தியப் பெண்கள் சும்மா இருக்கும்போது எவ்வளவு எரிக்கிறாங்கன்னு அளந்து 1931-ல வெளியிட்டாங்க. அமெரிக்க அளவுகோலுக்கு ரொம்பவே கீழ. வெயிலா, சாப்பாடா, இனமான்னு அதுக்கப்புறம் பல வருஷம் விவாதம். 1998-ல பெங்களூர் ஆளுங்களையும் ஆஸ்திரேலியாக்காரங்களையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்துச்சு. உடம்புல கொழுப்பைக் கழிச்சுட்டு, மீதியிருக்கிற தசை, உறுப்பு எடைக்கு ஏத்த மாதிரி கணக்குப் போட்டதும் வித்தியாசம் காணாமப் போச்சு. அடுப்பு மெதுவா எரியலை. அடுப்பே சின்னது.

அப்ப என்னை மாதிரி ஒல்லிப்பிச்சான்கிட்ட மீதி எடை எதுல இருக்கு? புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யூட்கினும் 2004-ல லான்செட்ல தங்களோட போட்டோவையே போட்டுக் காட்டினாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்புக் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், நம்ம யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். என் பிஎம்ஐ 22.8. மேல சொல்லணுமா?

உடனே ஜிம்ல சேர்ந்தா மெட்டபாலிசம் எகிறும்னு நினைக்காதீங்க. ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது நாளைக்குச் சுமார் 13 கலோரிதான் எரிக்கும், ஒரு மேரி பிஸ்கட்டுக்குக்கூட வராது. கொழுப்பு அதுல மூணுல ஒரு பங்கு. பெரும்பகுதியை எரிக்கிறது மூளை, கல்லீரல், இதயம், சிறுநீரகம்தான். தசை வேற ஒண்ணுக்கு வேணும்: சாப்பிட்டதும் ரத்தத்துல ஏறுற சர்க்கரையை அள்ளி உள்ள வச்சுக்கிற கிடங்கு அதுதான். எனக்கு அந்தக் கிடங்கு சின்னது. சரக்கு மட்டும் தினம் நாலு தோசை.

"வயசாச்சுல்ல, அதான்"னு சொல்றதும் செல்லாது. 2021-ல 6400 பேருக்கு மேல அளந்து பார்த்ததுல, உடம்பு அளவுக்கு ஏத்தபடி கணக்குப் போட்டா 20-லேர்ந்து 60 வயசு வரைக்கும் வேகம் அப்படியேதான் இருக்காம்.

குண்டா இருந்தா ஆபத்தே இல்லைன்னு நான் சொல்லலை. தங்கமணிக்கு முட்டி வலி இருக்கு, பரிசோதனையும் வருஷாவருஷம் பண்ணத்தான் வேணும். என் கோபம் வேற. மெட்டபாலிசம்ங்கிற இந்த ஒத்தை வார்த்தையை வச்சுக்கிட்டு நம்ம வீடுகள்ல பொம்பளைங்க தட்டைக் கண்காணிக்கிறோம், ஒல்லியா இருக்கிற ஆம்பளைக்கு லைசென்ஸ் கொடுத்துடறோம். அந்த லைசென்ஸை நானும் வாய் பேசாம வாங்கி வச்சிருந்தேன். அவங்க தட்டைத் தள்ளி வச்சுட்டு எழுந்த ராத்திரிகள்ல நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்.

போன ஞாயித்துக்கிழமை தையல் மெஷின்லேர்ந்து தங்கமணி இன்ச் டேப்பை எடுத்துட்டு வந்தாங்க. இந்திய ஆம்பளைக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். எனக்கு 91. "சட்டை போட்டா தெரியலை"ன்னாங்க. அம்மா அடுப்படியிலேர்ந்து தோசைக் கரண்டியோட எட்டிப் பார்த்தாங்க. எனக்கு ரெண்டு போதும்னேன். மாவு மீதி இருக்கேன்னு அவங்க இழுத்தப்ப, தங்கமணி தன் தட்டை நீட்டினாங்க.